நாப்பிறழ்ச்சியும் மொழியாராய்ச்சியும்

ஒன்றைச் சொல்லக் கருதி வேறொன்றைச் சொல்லிவிடுதல் பேசுவார் அனைவர்க்கும் இயல்பு. கற்றோர் கல்லாதோர், முதியோர் இளையோர் என்னும் வேறுபாடு இதற்கு இல்லை. கேட்டவர் நகைப்பர், சொன்னவர் சிறிது நாணித் திருத்திக்கொள்வர், அடுத்த நொடியில் இருவரும் அதனை மறந்துவிடுவர். இவ்வாறு மறக்கப்படும் சிறு பிழைகளை மறவாது குறித்து வைத்துத் தொகுத்தால், மனித உள்ளத்தில் மொழி எவ்வாறு அமைந்திருக்கின்றது என்பதை ஓரளவு அறியலாம் என்று கண்டவர் மொழியியலார். பொறி பழுதின்றி ஓடும்போது அதன் உள்ளமைப்புப் புலப்படுவதில்லை. எங்கேனும் தடைப்படும்போதே எந்தச் சக்கரம் எந்தச் சக்கரத்தோடு இணைந்துள்ளது என்பது தெரியவரும். பேச்சும் அத்தகையதே.

பேச்சில் நேரும் பிழையை ஆராய்தல் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வழுக் காத்தலைப் பற்றிக் கூறினார். பவணந்தியார் நன்னூலில் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுக்களை ஏழாக வகுத்தார். வழு என்று தள்ளியதோடு இலக்கண நூலார் அமையவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. வழுவாயினும் காரணம் உடையதாயின் அதனை வழுவமைதி என ஏற்றுக்கொண்டனர். பசுவை உவப்பினால் அம்மை என்று அழைத்து உயர்திணை வினைகொடுத்துப் பேசுவது திணை வழுவமைதி. பிழையைக் கண்டவுடன் அதன் காரணத்தையும் வினாவ வேண்டும் என்னும் நெறி இதனுள் அடங்கியுள்ளது. இக்கால மொழியியலார் செய்வதும் அதுவே. அவர் எடுத்துக்கொண்ட பிழைகளே வேறு.

பிழைத் தொகுப்பின் பயனைக் காட்ட மேலைநாட்டுப் பழஞ்சான்று ஒன்று உண்டு. இலத்தீன் மொழியில் 'புரோபசின் பிற்சேர்க்கை' எனப்படும் ஒரு பட்டியல் கிடைத்துள்ளது. 'இவ்வாறு சொல்க, அவ்வாறு சொல்லற்க' என்னும் முறையில் அமைந்த 227 திருத்தங்கள் அதில் உள்ளன. மாணாக்கரின் மொழியைத் திருத்துவதே அதனை எழுதியவர் நோக்கம் எனத் தோன்றுகின்றது. ஆயின் காலம் அவர் கருத்துக்கு மாறாகத் தீர்ப்பளித்தது. கண்ணாடியைக் குறிக்க 'ஸ்பெக்குலும்' என்க, 'ஸ்பெக்லும்' என்னற்க என்றார் அவர். இன்றைய இத்தாலியர் வழங்கும் 'ஸ்பெக்கியோ' அவர் விலக்கிய வடிவின் வழித்தோன்றலே. காதுக்கு 'அவுரிஸ்' என்க, 'ஒரிக்லா' என்னற்க என்றார். பிரெஞ்சு மக்களின் 'ஒரேய்' ஒரிக்லாவிலிருந்தே பிறந்தது. இலத்தீன் எவ்வாறு இத்தாலியமாகவும் பிரெஞ்சாகவும் மாறியது என்பதை அறிய விழைந்த அறிஞர்க்கு அவர் சரியெனக் கொண்ட பத்தியைவிடப் பிழையெனக் கொண்ட பத்தியே பெருஞ்செல்வமாயிற்று.

அப்பட்டியலில் உள்ளவை ஒரு மக்கட் கூட்டத்தார் வழக்கமாகச் சொல்லியவை. ஒருவர் ஒரு நொடியில் நாத் தவறிச் சொல்பவை வேறு. பின்னையவற்றை முறையாகத் தொகுத்தவருள் முதன்மையானவர் ருடோல்ப் மெரிங்கர். வியன்னாவில் இந்தோ-ஐரோப்பிய மொழிகளை ஆராய்ந்த இவர், மருத்துவர் கார்ல் மாயர் என்பவரோடு சேர்ந்து 1895 ஆம் ஆண்டில் பேச்சுப் பிறழ்ச்சியையும் வாசிப்புப் பிறழ்ச்சியையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தம் நண்பரும் உடன் பணியாற்றியோரும் உரையாடும்போது நேர்ந்த பிறழ்ச்சிகளை அவ்வப்போதே எழுதி வைத்துத் திரட்டியவர் அவர். இடம் மாறும் ஒலிகள் ஒத்த நிலையில் நிற்பவை என்பதை அவர் கண்டார். சொல்லின் முதலொலி மற்றொரு சொல்லின் முதலொலியோடு மாறும். இறுதியொலியோடு மாறுதல் அரிது. எனவே பிறழ்ச்சிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பது தெளிவாயிற்று.

1901 ஆம் ஆண்டில் சிக்மண்ட் பிராய்ட் அன்றாட வாழ்வின் உளநோயியல் பற்றி எழுதியபோது மெரிங்கரின் எடுத்துக்காட்டுகள் சிலவற்றை எடுத்தாண்டு வேறு பொருள் கூறினார். ஆஸ்திரியப் பாராளுமன்றக் கீழவைத் தலைவர் ஒருவர் கூட்டம் தொடங்குகின்றது என்பதற்குப் பதிலாகக் கூட்டம் முடிவுறுகின்றது என அறிவித்துவிட்டார். அக்கூட்டத்தால் நன்மை விளையாது எனக் கருதிய அவரது உள்விருப்பமே நாவில் வந்தது என்பது பிராய்டின் விளக்கம். எதிர்ச்சொற்கள் உள்ளத்தில் அருகருகே இருத்தலின் ஒன்றை நாடும் நா மற்றொன்றைப் பற்றிக்கொள்ளும் என்பது மொழியியலார் விளக்கம். நேற்று என்பதற்கு நாளை என்றும், இடது என்பதற்கு வலது என்றும் சொல்வோர் அனைவரும் மறைவான விருப்பம் உடையோர் எனல் பொருந்தாது. ஆகலின் பெரும்பாலான பிறழ்ச்சிகளுக்கு மொழியமைப்பினுள்ளேயே காரணம் தேடுதல் முறையாயிற்று.

பிறழ்ச்சியின் வகைகளை ஒரு தொடரைக் கொண்டு விளக்கலாம். 'பச்சைத் தேயிலை' என்று சொல்லக் கருதிய ஒருவர் 'தச்சைத் தேயிலை' என்றால், பின் வரவேண்டிய தகரம் முன்னரே வந்துவிட்டது, இது முன்னேறல். 'பச்சைப் பேயிலை' என்றால், முன் வந்த பகரம் நீங்காது நின்று பின்னும் வந்தது, இது பின்தொடரல். 'தச்சைப் பேயிலை' என்றால் இரண்டும் தம்முள் இடம் மாறின, இது இடமாற்றம். இவையன்றி ஒலி குறைதலும், மிகுதலும், இரு சொற்கள் கலந்து ஒன்றாதலும், ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல் வருதலும் உண்டு. இவற்றுள் முன்னேறல் சிறப்பாக ஆராயத்தக்கது. இன்னும் சொல்லப்படாத சொல்லின் ஒலி முன்னே வருதலால், நா முதற்சொல்லைச் சொல்லும்போதே உள்ளம் அடுத்த சொல்லை ஆயத்தம் செய்து வைத்திருக்கின்றது என்பது பெறப்படும்.

மேற்காட்டிய தொடரில் மேலும் இரு நுட்பங்கள் உள. முதலாவது, 'தே' என்பது வரிவடிவில் ஓரெழுத்து. ஆயினும் இங்கு இடம் மாறியது தகர மெய் மட்டுமே. ஏகார உயிர் தன் இடத்திலேயே நின்றது. உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் கூடியது என நம் இலக்கண நூலார் வகுத்தது எழுத்திலக்கணத்தின் பொருட்டு மட்டுந்தானா, பேசுவார் உள்ளத்திலும் அவ்வாறே அமைந்துள்ளதா என்பது பெரியதொரு வினா. மெய் தனித்துப் பெயர்ந்து 'தச்சைப் பேயிலை' என வருவது மிகுதியா, உயிர்மெய் முழுதும் பெயர்ந்து 'தேச்சைப் பயிலை' என வருவது மிகுதியா என எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். யப்பானிய மொழிக்கு இத்தகைய வினாவை எழுப்பி, நாப்பிறழ்ச்சிகளைச் சான்றாகக் கொண்டு கூபோசோனோ என்னும் அறிஞர் 1989 ஆம் ஆண்டில் ஆராய்ந்துள்ளார்.

இரண்டாவது நுட்பம் புணர்ச்சி பற்றியது. பகரமும் தகரமும் மாறியபோது இடையில் மிக்க ஒற்றும் மாறியது. 'தச்சைத் பேயிலை' என எவரும் சொல்லார். தகர ஒற்றின்பின் பகரம் மயங்குதல் தமிழுக்கு இல்லை. இதற்கு ஒப்பான ஆங்கில எடுத்துக்காட்டொன்றைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பேராசிரியராயிருந்த விக்டோரியா புரொம்கின் 1971 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிற் காணலாம். 'எ கரன்ட் ஆர்கியூமென்ட்' என்று சொல்லக் கருதியவர் 'அன் அரன்ட் கார்கியூமென்ட்' என்றார். ககர ஒலி பெயர்ந்ததும், உயிரொலிக்குமுன் வரவேண்டிய 'அன்' என்னும் வடிவம் தானே வந்தமைந்தது. நாத் தவறியவர்க்கும் இலக்கணம் தவறவில்லை. ஒலிகள் இடம் மாறிய பின்னரே புணர்ச்சி விதி செயற்படுகின்றது என்பது இதனால் அறியப்படும். புரொம்கின் தம் வாழ்நாளில் திரட்டிய பல்லாயிரம் பிறழ்ச்சிகள், 2000 ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னும், நெதர்லாந்தின் நைமெகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தின் வழியாக ஆய்வாளர்க்குப் பயன்பட்டு வந்துள்ளன.

சொற்களே இடம் மாறும்போது விகுதிகள் என் செய்கின்றன என்பதை மெரில் கரெட் 1975 ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் இடம் மாறிய விடத்தும் பன்மை விகுதியும் இறந்தகால விகுதியும் பெயராது தத்தம் இடத்தில் நிற்கின்றன என அவர் காட்டினார். விகுதிகள் பல அடுக்கி வரும் தமிழில் இவ்வாராய்ச்சிக்கு இடம் மிகுதி. 'மடுவத்தில் கொழுந்து இருக்கின்றது' என்று கூறக் கருதியவர் நாத் தவறி இரு பெயர்களையும் மாற்றினால், 'கொழுந்தில் மடுவம்' என்பாரா, 'கொழுந்தத்தில் மடுவம்' என்பாரா? முன்னதாயின், 'இல்' என்னும் வேற்றுமையுருபு தன் இடத்தில் நிற்க, 'அத்து' என்னும் சாரியை மறைந்தது. எப்பெயர் வந்து சேர்ந்தது என்பதை நோக்கிய பின்னரே சாரியை தோன்றுகின்றது என ஆகும். பின்னதாயின், சாரியையும் உருபும் ஒன்றாய் முன்னரே அமைந்து கிடக்கின்றன என ஆகும். பல நாள் வாதத்தால் தீராத இவ்வினாவுக்கு உண்மையாக நிகழ்ந்த இருபது பிறழ்ச்சிகள் வழிகாட்டக்கூடும்.

இல்லங்களில் நாள்தோறும் நிகழ்வதொன்றும் ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று. பாட்டி ஒரு பேரனை அழைக்க எண்ணி, அவன் அண்ணன், தம்பி, தந்தை ஆகியோர் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி ஈற்றில் அவன் பெயரை அடைவதைக் காணாதார் இல்லை. முதுமையால் நேரும் மறதி என்பர். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, இப்பிறழ்ச்சி இளையோர்க்கும் நேர்வதே என்றும், பெயர்கள் ஒலியால் ஒத்திருத்தலைவிட அப்பெயருடையோர் ஒரே உறவுக்குழுவில் இருத்தலே இதற்கு வலிய காரணம் என்றும் காட்டியது. பிள்ளையின் பெயருக்குப் பதிலாக வீட்டு நாயின் பெயரைச் சொன்னாரும் உளர். நாயையும் குடும்பத்தாருள் ஒன்றாக உள்ளம் எண்ணி வைத்துள்ளமையே அதற்குக் காரணம் என்பது அவ்வாய்வாளர் கருத்து. பெயர் மாற்றி அழைக்கப்பட்ட பிள்ளை வருந்த வேண்டியதில்லை. அன்புக்குரியோர் பெயர்களே அங்ஙனம் மயங்குகின்றன.

பிறழ்ச்சிகளைத் தொகுத்தல் எளிதெனத் தோன்றினும் இடர் பல உடையது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து நியூ கல்லூரியின் தலைவராக 1903 முதல் 1924 வரை இருந்த ஸ்பூனர் (1844–1930) என்பார் சொற்களின் முதலொலிகளை மாற்றிப் பேசுபவர் எனப் புகழ்பெற்றார். அவ்வகைப் பிழைக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. ஆயின் அவர் கூறியனவாக வழங்குபவற்றுட் பெரும்பாலானவை பிறர் நகைச்சுவைக்காகப் புனைந்தவை. சுவை மிக்க பிழை நினைவில் நிற்கும். சுவையற்ற பிழை மறைந்துபோம். எனவே நினைவிலிருந்து எழுதப்படும் தொகுப்பு உண்மையை விடுத்து வேடிக்கையையே காட்டும்.

கேட்பவரின் காதும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. பேச்சில் பிறழ்ச்சி அரிதாகவே நிகழ்கின்றது. இங்கிலாந்தில் பதிவுசெய்யப்பட்ட ஏறத்தாழ 170,000 சொற்கள் கொண்ட உரையாடல்களை 1981 ஆம் ஆண்டில் ஆராய்ந்தோர் அவற்றில் 200க்கும் குறைந்த பிறழ்ச்சிகளையே கண்டனர். அரிதாய் நிகழ்வதைப் பொருளில் கருத்தூன்றிய காது தானே திருத்திக் கேட்டுக்கொள்ளும். சொல்லின் முதலில் நேர்ந்த பிழை புலப்படும் அளவுக்கு இடையில் நேர்ந்தது புலப்படாது. கேட்போரின் இக்குறைகளை ஆன் கட்லர் 1980களின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டினார். நாத்தசைகளின் அசைவை மின்கருவியால் அளந்த மௌரி, மக்கே என்போர் 1990 ஆம் ஆண்டில், ஓர் ஒலி முழுதும் மாறாது பாதி மாறி நிற்கும் பிறழ்ச்சிகளும் உள என்றும், காது அவற்றை அறிவதில்லை என்றும் காட்டினர். அண்மைக் காலத்திற் கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஆல்டரெட் தலைமையிலானோர், ஒலிப்பதிவுகளைப் பயிற்சி பெற்ற பலர் மீண்டும் மீண்டும் கேட்டுத் தொகுக்கும் முறையை மேற்கொண்டு, ஒருவர் ஒருமுறை கேட்டு எழுதுவதில் தவறிப்போவன பல என்பதை 2019 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

மலைநாட்டில் இத்தொகுப்பை மேற்கொள்வார்க்கு இவற்றினும் பெரிய இடர் ஒன்று உண்டு. அது, பிழையல்லாததைப் பிழை என்று எழுதிவிடுதல். மஸ்கெலியாவைக் கடந்து சிவனொளிபாத மலைக்கு ஏறும் வழியில் அமைந்தது நல்லதண்ணி. மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரை யாத்திரிகர் வந்து குழுமும் இவ்வூரில் தோட்டத் தமிழும், வடகிழக்குத் தமிழும், சிங்களமும் ஒருங்கே ஒலிக்கக் கேட்கலாம். ஊர்ப்பெயரே ஒரு பாடமாக உள்ளது. 'நல்ல தண்ணீர்' தமிழர் பேச்சில் ஈற்று ரகரம் கெட்டு 'நல்லதண்ணி' ஆயிற்று. சிங்களர் நாவில் 'நல்லதன்னிய' ஆயிற்று. சிங்களப் பேச்சில் ணகரமும் னகரமும் வேறுபட்டு ஒலிப்பதில்லை. இவற்றுள் எதுவும் எவர் பிழையும் அன்று. ஒவ்வொரு மொழியும் தன் ஒலிமரபுக்கேற்பச் சொல்லை அமைத்துக்கொண்டது. ஆங்கிலேயரின் 'லைன்' தோட்டத்தில் 'லயம்' ஆனதும் அவ்வாறே.

தோட்டத்துச் சிறுவன் இலையை 'எலை' என்றும், குடையைக் 'கொடை' என்றும், துரையைத் 'தொரை' என்றும் சொல்கின்றான். கொச்சை என்று கடிந்து திருத்துவோர் பலர். ஆயின் அச்சிறுவன் கிளியைக் 'கெளி' என்பதில்லை. துணியைத் 'தொணி' என்பதில்லை. புளியைப் 'பொளி' என்பதுமில்லை. முதலசையில் இகர உகரம் நின்று, ஒற்றை மெய்க்குப் பின் அகரமோ ஐகாரமோ வரின், இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் திரியும். பின்வருவது இகரமாயின் திரியாது. இடம் 'எடம்' ஆதலும் உடம்பு 'ஒடம்பு' ஆதலும் இவ்விதி பற்றியே. தமிழகத்துப் பேச்சு வழக்கிலும் பரந்து காணப்படும் இவ்விதியை எவரும் கற்பிக்காமலே அச்சிறுவன் பிழையறக் கையாளுகின்றான். காற்றைக் 'காத்து' என்பதும் இத்தகையதே. றகர இரட்டையை அதற்குரிய ஒலியோடு போற்றும் யாழ்ப்பாணத்தார் காதுக்கு அது வழுவாகத் தோன்றலாம். சொல்பவனுக்கு அது தன் முன்னோர் கொண்டுவந்த வழக்கு.

எனவே தொகுப்பவர் மூவகையை வேறுபிரித்து அறிதல் வேண்டும். சொன்னவர் தாமே உணர்ந்து திருத்துவதும், மறுமுறை அவ்வாறு சொல்லாததும் நாப்பிறழ்ச்சி. ஒரு கூட்டத்தார் அனைவரும் எப்போதும் ஒருபடியாகச் சொல்வது கிளைமொழி வழக்கு. மொழியையோ அதன் எழுத்து வழக்கையோ கற்கும் நிலையில் இருப்பவர் தாம் இதுவரை உணர்ந்த விதியை அளவுகடந்து செலுத்துவதால் வருவது கற்றல்நிலைப் பிழை. 'எலை' என்பது எழுத்தில் 'இலை' எனத் திருத்தப்பட்ட மாணவன், அத்திருத்தத்தையே பொதுவிதியாகக் கொண்டு 'ஒட்டகம்' என்பதை 'உட்டகம்' என எழுதினால், அது மூன்றாம் வகை. 1967 ஆம் ஆண்டில் பிட் கோர்டர் என்னும் அறிஞர், மாணாக்கரின் இத்தகைய பிழைகள் அவர் எவ்விதியைக் கொண்டு மொழியைக் கற்கின்றார் என்பதை ஆசிரியர்க்கு அறிவிக்கும் சான்றுகள் என எழுதினார். செம்மையால் அடிக்குமுன் 'உட்டகம்' எங்கிருந்து வந்தது என ஆசிரியர் ஒருமுறை எண்ணின், அம்மாணவன் சிந்தியாது எழுதினான் அல்லன், சிந்தித்தே எழுதினான் என்பது விளங்கும்.

இம்மூன்றும் தம்முள் தொடர்பற்றவை அல்ல. மதுரையை 'மருதை' என்றும் குதிரையைக் 'குருதை' என்றும் நாட்டுப்புறத்தார் வழங்குவர். ஒலிகள் இடம் மாறிய இவ்வடிவங்களை ஒருவர் ஒருநாள் மட்டும் சொல்லியிருப்பின் அது நாப்பிறழ்ச்சி. பலர் நாவில் நிலைபெற்றமையால் வழக்காயிற்று. முன்றில், புறநகர் முதலியவற்றை இலக்கணப் போலி என ஏற்ற நம் நூலார், இடம் மாறி நிலைத்தவற்றைத் தள்ளாத மனவிரிவு உடையராயிருந்தனர்.

தொகுக்க விரும்பும் மாணவர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று. கேட்ட உடனே எழுதுக. மாலையில் நினைந்து எழுதற்க. சொல்லப்பட்டதைச் சொல்லப்பட்டபடியே, பேச்சொலி மாறாமல், முழுத்தொடராக எழுதுக. சொல்லக் கருதியது யாது என்பதைச் சொன்னவரிடமே கேட்டு அருகில் எழுதுக. தாமே திருத்தினாரா, பிறர் திருத்தினரா என்பதையும், நாள், பொழுது, இடம், பேசியவரின் அகவை, அவர் வீட்டில் வழங்கும் மொழி ஆகியவற்றையும் குறிக்க. பெயரை மட்டும் எழுதற்க. ஒலிப்பதிவு செய்வதாயின் முன்னரே இசைவு பெறுக. இக்காலத்துக் கைத்தொலைபேசியே அதற்குப் போதும். இயலுமாயின் இருவர் தனித்தனியே கேட்டு எழுதி ஒப்புநோக்குக. பேசியவரின் கிளைமொழி நன்கு தெரியாதவிடத்து, அவ்வூரார் ஒருவரைக் கேட்டுத் தெளிந்த பின்னரே பிறழ்ச்சி எனப் பதிவு செய்க. நகைத்தல் ஆகாது, ஒருமுறை நகைக்கப்பட்டவர் மறுமுறை இயல்பாகப் பேசார்.

மலைநாட்டு நாட்டார் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தொகுத்தமையால் அவை அழியாது நின்றன. லயத்திலும் மடுவத்திலும் மலைமேலும் வழங்கும் அன்றாடப் பேச்சும் அத்தகைய கவனத்துக்கு உரியதே. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தாலும் சிதறுண்ட மக்களின் பேச்சு அது. 'தோட்டத்துப் பேச்சு' என்ற சொல்லே இகழ்ச்சியாக வழங்கிய காலத்தில் பள்ளியில் வாய் திறக்க அஞ்சிய பிள்ளைகள் எத்தனையோ பேர். எது நாவின் தடுமாற்றம், எது ஒரு மக்களின் மொழி எனப் பகுத்துக் காட்டும் தொகுப்பேடு ஆராய்ச்சிக்கு மட்டும் பயன்படுவதன்று. அஞ்சி வாய்மூடும் பிள்ளைக்கும் அது நீதி செய்யும். செந்தமிழைக் கற்பித்தல் ஆசிரியர் கடன். அதனை ஐயுறுவார் இல்லை. ஆயின் மாணவன் வீட்டிலிருந்து கொண்டுவரும் தமிழும் விதியுடைய தமிழே என்பதை அறிந்து கற்பிப்பவரிடமே அவன் செந்தமிழை விரைந்து கற்பான்.